தத்துப்பூச்சிக்குப் பூந்தமல்லியில் தைத்த பை

பை தைக்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. சென்னை விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, "கல்யாணமா, கோயிலா?" என்று கேட்டார். மலேசியாவிலிருந்து தனியாக வரும் தமிழச்சிக்கு வேறு வேலை இருக்காது என்பது அவர் கணக்கு. "பை தைக்கணும்," என்றேன். "ஏம்மா, உங்க ஊர்ல டெய்லரே இல்லையா?" என்று சிரித்தபடி முத்திரை குத்தினார். அது எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. என் கணவர் என்னைக் காலில் சக்கரம் கட்டியவள் என்பார். மறுத்துப் பேச எனக்கு நேரம் இருந்ததில்லை.

விஷயம் இதுதான். மலேசியாவில் தைப்பிங் பக்கத்து மலைக்காட்டில், தரையில் மக்கிக் கிடக்கும் சருகுக்குள் ஒரு தத்துப்பூச்சி வாழ்கிறது. நெல்வயலில் பயிரின் சாற்றை உறிஞ்சுகிறதே, அந்தத் தத்துப்பூச்சிக்கு இது தூரத்துச் சொந்தம். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம். பறக்க இறக்கை இல்லை. இறக்கை இருக்கவேண்டிய இடத்தில் கை வைக்காத ரவிக்கை போல ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். தத்தும், அவ்வளவுதான். பிறந்த சரிவிலேயே வாழ்ந்து அங்கேயே செத்துப்போகும்.

நான் ஒரு கல்லூரியின் பூச்சி அறையில் உதவியாளர். இந்தப் பூச்சியை முதலில் பார்த்தது நான்தான். ஆனால் கிடைத்தவை எல்லாமே பெண். தத்துப்பூச்சிகளில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆணின் உடற்கூறு. ஆண் ஒன்று கிடைத்தால்தான் இது புது இனம் என்று அடித்துச் சொல்லிப் பெயர் வைக்க முடியும். அந்தச் சரிவை வெட்டிச் சாலை போடப்போகிறார்கள். மழை ஓய்ந்ததும் இயந்திரங்கள் ஏறும். பெயரில்லாத பூச்சிக்காக யாரும் சாலையைத் தள்ளிப் போடமாட்டார்கள். பெயர் வைத்தாலும் போடமாட்டார்கள் என்கிறார் எங்கள் பேராசிரியர். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எனக்கு முதலில் ஆண் வேண்டும்.

இனி பை. காட்டுச் சருகைச் சலித்து, வலைப்பையில் போட்டு, அதைத் தலையணை உறை போன்ற நீண்ட துணிப்பைக்குள் தொங்கவிட வேண்டும். துணிப்பையின் மேல் வாயை நாடாவால் கட்டிவிட்டு, கீழ் வாயில் ஸ்பிரிட் ஊற்றிய கிண்ணத்தைக் கட்டவேண்டும். சருகு காயக் காய உள்ளே இருக்கும் பூச்சிகளுக்கு இருப்புக் கொள்ளாது. ஈரம் தேடி அலையும், வலைக்கு வெளியே வரும், கிண்ணத்தில் விழும். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பூச்சி இந்தப் பையில் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

எங்களிடம் இருந்த பழைய பைகளைக் கரையான் தின்றுவிட்டது. பூச்சி பிடிக்கும் பையைப் பூச்சி தின்றதைச் சொல்லி அறையே சிரித்தது. அந்த நேரம் பார்த்துப் பட்டாபிராமில் இருக்கும் என் நாத்தனார் வசந்தா தொலைபேசியில், பூந்தமல்லியில் தொழிற்சாலைகளுக்கு வடிகட்டும் துணிப்பை தைக்கிற ஒரு பெண்ணைத் தெரியும் என்றார். படம் வரைந்து அனுப்பித் தைக்கச் சொல்லியிருக்கலாம். எனக்குக் காத்திருக்க வராது. கிளம்பிவிட்டேன்.

வந்த மறுநாள் காலை வசந்தா அண்ணி வீட்டில் இட்லியும் வடகறியும். நாங்கள் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்போம். "பசியாறிட்டுக் கிளம்புறேன் அண்ணி," என்றதும் அவர் அடுப்பை அணைக்காமல் இன்னும் நாலு இட்லி வைத்தார். வடகறியை நான் முதலில் கறி என்று நினைத்து ஆட்டைத் தேடினேன். பருப்பு வடையை உதிர்த்துப் போட்ட குழம்பு என்று தெரிந்தபோது தட்டு காலி. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு இதை ஊற்றினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஓடியதுதான் தப்பு. பைக்குள் வைக்கும் எஃகு வளையங்களுக்காக நான் மண்ணூர்பேட்டை போகவேண்டும். பட்டரவாக்கத்தில் இறங்கு என்று அண்ணி சொல்லியிருந்தார். வந்து நின்ற முதல் ரயிலில் ஏறினேன். அது பட்டரவாக்கத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பறந்தது. "ஃபாஸ்ட்டு மேடம் இது. ஏறச்சொல்லோ பாக்கறது இல்லியா?" என்றார் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா. பெரம்பூரில் இறங்கித் திரும்பி வந்தேன். அதற்குள் தும்மல் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் மழை தினமும் தூசியைக் கழுவிவிடும். இங்கே தொழிற்பேட்டைச் சாலையில் லாரி கிளப்பிய தூசி நேராக என் மூக்குக்குள் குடியேறி, நான் ஊர் திரும்பும்வரை காலி செய்யவே இல்லை.

வளையம் வளைக்கிற பட்டறைக்காரருக்கு என் வேலை விளங்கவில்லை. "இன்னா மேடம், மாவு சலிக்கவா?"

"சருகு சலிக்க."

"சருகா! கீய வியறது குப்பை, மேல நிக்கிறது சரக்கு, சரியா?"

"இல்லைங்க. கீழே விழுவதுதான் எனக்குச் சரக்கு."

அவர் உதவிக்கிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். என் மாமியார் பார்ப்பது. ஆனால் வளையங்களைக் குறை சொல்ல முடியாது. நான் அவர் தலைமேல் நின்று அவசரப்படுத்தியும் ஒன்றுகூடக் கோணவில்லை.

அடுத்த நாள் பூந்தமல்லி. மெட்ரோ வேலையில் சாலை முழுக்கத் தகரத்தடுப்பு. பேருந்து நகர்வதற்குள் இறங்கி நடந்துவிட்டேன். பத்து எட்டு வைத்ததும் அதே பேருந்து என்னைத் தாண்டிப் போனது. நடத்துநர் படியிலிருந்து கைகாட்டிச் சிரித்தார்.

ஷமீமாவின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னறையில் தடித்த துணிக் கட்டுகள், இரண்டு தையல் இயந்திரங்கள். அவர் கணவர் தரையில் முட்டிபோட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். சிமெண்டு தூசி, மாவுத் தூசி, பெயிண்ட் தூசி என்று எந்தத் தூசி வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதற்கு ஒரு பை தைத்திருப்பார் ஷமீமா. என்னைவிட இளையவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் வரைபடத்தைப் பார்த்தார்.

"இது சுளுவுக்கா. இன்னாத்த வடிகட்டப் போறீங்க?"

"பூச்சி."

"பூச்சிய இன்னாத்துக்கு வடிகட்டணும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சரிவு, சாலை, பெண் பூச்சிகள், கிடைக்காத ஆண். ஷமீமாவின் கைகள் வேலையை நிறுத்தவில்லை. ஆண் இல்லாத இடம் வந்தபோது மட்டும் கணவரைப் பார்த்து, "கேட்டுக்கினியா, ஒரு ஆம்பளைக்கோசரம் எவ்ளோ தூரம் வந்துகீறாங்க," என்றார். பாய் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"பழைய பை இன்னாக்கா ஆச்சு?"

"பூச்சி அரிச்சிடுச்சு. ஒண்ணு விடாம."

"அடப்பாவமே," என்றார். அந்த அடப்பாவத்தில் இருந்த நிஜமான வருத்தத்தை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

மதியம் என்னைப் போகவிடவில்லை. பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும். எங்கள் ஊரில் பிரியாணிக்கு அச்சார் ஊறுகாய் வைப்பார்கள். கத்திரிக்காயை யாரும் கிட்டே சேர்க்கமாட்டார்கள். மூக்கு அடைத்திருந்ததால் எனக்குக் காரம் மட்டும்தான் தெரிந்தது, வாசனை தெரியவில்லை. "மூக்கு அடைச்சிகினு கீது உனக்கு. இஞ்சி டீ குடிக்கா," என்று ஷமீமா ஒருமைக்கு வந்திருந்தார். நானும் வந்துவிட்டேன். டீ சின்னஞ்சிறு கண்ணாடித் தம்ளரில் வந்தது. எங்கள் ஊர் டீயான தே தாரிக் கோப்பையில் இதுபோல நாலு தம்ளர் ஊற்றலாம். இரண்டாவது கேட்கக் கூச்சப்பட்டு, மூன்றாவது வரை குடித்தேன்.

பைகள் தைத்து முடிய அவகாசம் கேட்டாள். அந்த இடைவெளியில் நான் வீட்டில் உட்காரவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பையைச் சோதித்துப் பார்க்கச் சருகு தேடினேன். பட்டாபிராமில் சருகு கிடைக்கவில்லை! வேப்பமரம் இருக்கிறது, முருங்கை இருக்கிறது, பாதாம் மரம் இருக்கிறது. ஆனால் விடிந்ததும் வீட்டுக்கு வீடு விளக்குமாற்றோடு இறங்கி ஓர் இலை விடாமல் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். அண்ணியிடம், "நாளைக்கு மட்டும் கூட்டாதீங்க," என்றேன். "வெள்ளிக்கிழமை அதுவுமா வாசல் கூட்டாம இருக்கிறதா? என்ன பேசறே கோமளா?" என்றார். நான் இலை பொறுக்குவதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, "மலேசியாவுலேர்ந்து வந்து குப்பை வாருது பாரேன்," என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

பைகளை வாங்கிய நாளில் நேராகத் திருமழிசைப் பக்கம் ஆட்டோ பிடித்தேன். தொழிற்பேட்டைச் சுவருக்குப் பின்னால் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மாந்தோப்பு இருந்தது. வாய்க்கால் கசிந்து, அடியில் நல்ல ஈரமான சருகு. மலைக்காட்டுச் சருகின் கருப்பு இதில் இல்லை; என்றாலும் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஒரு சாக்கு நிறையச் சலித்தேன். ஆட்டோக்காரர் இறங்கி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா மேடம், எதுனா தொலைஞ்சிடுச்சா?"

"ஆமாங்க. ஒரு ஆம்பளைப் பூச்சி."

அதன்பிறகு வீடு வரும்வரை அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மொட்டை மாடியில் அண்ணியின் புடவைகள் காய்ந்த கொடிப் பக்கத்திலேயே பையைத் தொங்கவிட்டேன். வெயில் கொளுத்தியது. எங்கள் ஊர் ஈரத்தில் நாள் கணக்கில் ஆகும் வேலை இங்கே சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கிண்ணத்தில் ஒன்றுமில்லை. ஓர் எறும்புகூட இல்லை. எறும்பே விழாத பையை வாழ்க்கையில் பார்த்ததில்லை.

துணி எடுக்க மேலே போன அண்ணி போட்ட கூச்சலில் நான் படியில் இரண்டிரண்டாகத் தாவினேன். அவருடைய நல்ல ஆரஞ்சுப் புடவை முழுக்க எறும்பு, கரப்பான் குஞ்சு, சிலந்தி, பெயர் தெரியாத பொடிப்பொடி உயிர்கள். எல்லாம் பையின் மேல் வழியாக ஏறி, அவசரத்தில் நான் இறுக்காமல் விட்ட நாடாவைத் தாண்டி, கொடிவழியாகக் குடிபெயர்ந்துவிட்டன. கிண்ணம் இருந்த பக்கம் எதுவும் போகவில்லை.

அண்ணி புடவையை உதறிவிட்டுப் பைக்கிட்டே வந்து முகர்ந்தார். "என்னடி இது, பட்டுப்புடவைப் பெட்டி மாதிரி வாசம் அடிக்குது?"

என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. பையின் கீழ் மடிப்பைத் தடவிப் பார்த்தேன். தையலுக்குள் உருண்டை உருண்டையாக என்னவோ நெருடியது. பிரித்தேன். அந்துருண்டை. எல்லாப் பையிலும், கீழ்வாய் மடிப்பு நெடுக, தாயத்துக்குள் தகடு வைத்துத் தைப்பதுபோல இரட்டைத் தையல் போட்டு மூடி வைத்திருந்தாள் ஷமீமா.

எனக்கு அழுகை வந்தது. மறுநாள் மாலை விமானம். அங்கே மழை ஓய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை வர விடுப்பும் கிடையாது, நேரமும் கிடையாது. பூச்சியை வரவழைக்கும் பையில் பூச்சியை விரட்டும் உருண்டை. அன்றிரவு நான் தூங்கவில்லை, அண்ணியையும் தூங்கவிடவில்லை.

காலையில் கடை திறக்கும் முன்பே ஷமீமாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். பைகளைத் தரையில் கொட்டினேன். அவள் முகம் முதலில் மலர்ந்தது. "பாத்துட்டியா? சொல்லாம செஞ்சேன். பழைய பைய பூச்சி அரிச்சிடுச்சுன்னியே, மனசே கேக்கல. இனி ஒரு பூச்சி அண்டாது."

"எனக்குப் பூச்சி அண்டணும் ஷமீமா! அதுக்குத்தானே பை!"

அவள் என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து பாய் எட்டிப் பார்த்து விஷயம் விளங்கியதும் சத்தமில்லாமல் மறைந்துகொண்டார்.

பிரித்து எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். உருண்டைகளைப் பாதியளவு பொடித்துப் பரப்பியிருந்தாள், நெடுக வேலை செய்யட்டும் என்று. வாசனை துணியில் ஏறிவிட்டது. துவைத்தாலும் போகாது, துவைத்துக் காயவைக்க நேரமும் இல்லை. நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஒரே பல்லவியை எத்தனை தடவை பாடினேனோ, அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"நல்லதுன்னு நெனச்சி செஞ்சதுக்கு இன்னாத்துக்குக்கா இப்படி கத்தறே? கீய போவ மாட்டேங்குதா? போ, தலைகீயா மாட்டிக்கோ!"

வெடுக்கென்று சொல்லிவிட்டு ஊசியைத் துணியில் குத்தினாள். நான் வாயைத் திறந்தேன், திட்டத்தான். மூடிவிட்டேன். மாடிக் கொடி கண்முன் வந்தது. எல்லா உயிரும் மடிப்பை விட்டு விலகி, எதிர்ப்பக்கமாக, மாலைக்குள்ளேயே, ஒன்றுவிடாமல் ஓடியிருந்தன. சருகு காய்வதால் மட்டும் அவ்வளவு வேகமாக எதுவும் ஓடி நான் பார்த்ததில்லை.

"ஷமீமா, இந்தக் காதைப் பிரி," என்றேன். பையைத் தொங்கவிட மேல்வாயில் இரண்டு துணிக்காது வைத்திருந்தாள். "பிரிச்சு அந்துருண்டைப் பக்கம் தை. அது மேல போகட்டும். இந்தப் பக்கம் கிண்ணம்."

"நான் கோவத்துல சொன்னேன்க்கா."

"பரவாயில்ல. நான் நிதானமாக் கேட்டேன்."

என் வாழ்க்கையில் நான் நிதானமாக எதையும் கேட்டதில்லை. அது அவளுக்கே தெரிந்து சிரித்துவிட்டாள். சாக்கில் மீதமிருந்த திருமழிசைச் சருகை நனைத்து, முதலில் தைத்து முடித்த பையில் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டினோம். மற்றவற்றை அவள் தைக்க, பாய் நாடா கோக்க, நான் பையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "ஒக்காருக்கா, தல சுத்துது," என்றாள். மதியத் தொழுகைக்குப் பாய் கிளம்பிய நேரம், கிண்ணத்தில் முதல் எறும்பு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தூசி மாதிரி வெள்ளைப் பொடிசுகள். கடைசியாக ஒரு சாதாரணத் தத்துப்பூச்சி, இறக்கையுள்ளது, துள்ளி வந்து விழுந்தது. நான் ஷமீமாவைக் கட்டிக்கொண்டேன். மூக்கு அடைத்திருந்தும் அந்துருண்டை வாசம் அப்போது லேசாகத் தெரிந்தது.

விமானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் கேட்டுப் போய்விட்டார். பைகள் என் மடியில் இருந்தன.

ஊர் சேர்ந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. மலையடிவாரத்தில் மஞ்சள் இயந்திரம் ஒன்று தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்தது. மழை நசநசத்துக்கொண்டிருந்தது; அது ஓயாமல் இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இந்த ஒரு முறைதான். சரிவு முழுக்கச் சலித்தேன். அட்டை கடித்தது, சறுக்கி விழுந்தேன், பைகளைத் தலைகீழாக மாட்டினேன். அந்த ஈரத்தில் பழைய பையாக இருந்தால் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். மறுநாளே கிண்ணங்கள் நிறைந்துவிட்டன. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒன்றொன்றாகப் புரட்டினேன். பெண், பெண், குஞ்சு, பெண். பிறகு மற்றதைவிடக் கொஞ்சம் ஒல்லியாக ஒன்று. புரட்டிப் போட்டு வயிற்று நுனியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து அறையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, மூன்றாம் முறையும் பார்த்தேன்.

படத்தை ஷமீமாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆம்பள கெடச்சிட்டானா?"

"கிடைச்சிட்டான்."

"இன்னாக்கா இது, றெக்கையே காணோம்? இத்தப் புடிக்கவா நீ பறந்துகினு வந்தே?"

"அதுக்கு றெக்கை இருந்தா நான் எதுக்கு ஷமீமா பறக்கப்போறேன்?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப அந்த ரோடு போட்டா? இது எங்கக்கா போவும்?"

"எங்கேயும் போகாது. போகத் தெரியாது அதுக்கு."

தையல் இயந்திரத்தின் ஓசை நின்றுவிட்டது. பிறகு அவள்தான், "மழை நின்னுடுச்சா அங்க?" என்று கேட்டாள்.

ஜன்னலைப் பார்த்தேன். மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, வானத்திலிருந்து இல்லை. "நின்னுடுச்சு," என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு என்கூட பேசிகினு கீறே? போய் அதுக்குப் பேர எய்து. ஒக்காந்து எய்து."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் பேராசிரியர் வந்து விளக்கைப் போட்டபோதுதான், இருட்டிவிட்டது என்றே எனக்குத் தெரிந்தது.